சைலன்சர்: காரணம் பிழைத்த ஒரு காரணப்பெயர்

மும்பையிலும் பெங்களூருவிலும் போக்குவரத்துக் காவலர்கள் பறிமுதல் செய்த சைலன்சர்களைச் சாலையில் வரிசையாக அடுக்கி, அவற்றின்மேல் சாலை உருளையை ஏற்றி நசுக்கும் காட்சி அவ்வப்போது செய்தியாகிறது. அவை மோட்டார் சைக்கிள்களிலிருந்து கழற்றப்பட்டவை. அளவுக்கு மீறி ஓசை எழுப்பின என்பதே அவற்றின்மீதான குற்றம். ஓசையை அடக்குவது என்று பொருள்படும் ஒரு சொல், ஓசை பெருக்கியதற்காகத் தண்டிக்கப்படும் பொருளுக்கும் பெயராக நிற்பதில் இந்தியர் எவரும் முரண் காண்பதில்லை. நன்னூல் வகுக்கும் பாகுபாட்டில் சொன்னால், காரணப்பெயராகப் பிறந்த ஒரு சொல் இங்கே ஏறத்தாழ இடுகுறியாகவே ஆகிவிட்டது.

அமெரிக்காவில் இதே சொல்லுக்கு வேறொரு வரலாறு உண்டு. அங்கே அது முதலில் நினைவூட்டுவது துப்பாக்கிக் குழலின் முனையில் திருகிப் பொருத்தப்படும் ஒரு சிறு உருளையை. அந்த உருளைக்குச் சூட்டப்பட்ட காரணப்பெயரில் காரணம் பாதிதான் மெய். ஆயினும் மக்களின் அச்சமும் சட்டத்தின் சொற்களும் அந்தப் பெயரையே பற்றிக்கொண்டன. அதை வாங்கிப் பயன்படுத்தியோரின் அனுபவம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அந்தப் பெயருடன் ஒத்துப்போகாமலே இருந்துவருகிறது.

கதை ஒரு தந்தையிடமும் மகனிடமும் தொடங்குகிறது. தந்தை ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்ஸிம், 1884இல் மாக்ஸிம் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கியவர். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் குடியேற்ற ஆட்சியைப் பரப்பிய போர்களில் அந்தத் துப்பாக்கி ஆற்றிய பங்கு வரலாற்று மாணவர்கள் அறிந்ததே. தன் கருவிகளின் முழக்கத்திற்கு அருகிலேயே நெடுங்காலம் வாழ்ந்த அவர் முதுமையில் ஏறக்குறைய முழுச் செவிடரானார். மகன் ஹைரம் பெர்சி மாக்ஸிம் (1869–1936), கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் தொடக்ககால மோட்டார் வாகனங்களை வடிவமைத்த பொறியாளர்; பின்னர் 1914இல் அமெரிக்க வானொலி ஆர்வலர் கழகத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். எஞ்சினின் புகைக்குழாய் ஓசையும் துப்பாக்கியின் முழக்கமும் இயற்பியலில் உறவினர்கள் என்பதை அவர் கண்டார். இரண்டிலும் அழுத்தமிக்க சூடான வாயு ஒரு குழாயிலிருந்து சட்டென வெளியேறிக் காற்றில் மோதுகிறது. அந்த வாயுவுக்குச் சுழன்று, விரிந்து, ஆறி, மெல்ல வெளியேற இடமும் நேரமும் கொடுத்தால் ஓசை தணியும்.

இந்த எண்ணத்திற்கு 1909 மார்ச் 30 அன்று காப்புரிமை கிடைத்தது. ஓசையற்ற சுடுகலம் என்று பொருள்படும் தலைப்பில் அந்த ஆவணம் பதிவாயிற்று. அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயரிலும் ஓசையின்மை இடம்பெற்றது. விற்பனைக்கு வந்த பொருள் ‘மாக்ஸிம் சைலன்சர்’ ஆனது. கண்டுபிடிப்பாளர் தம் பொருளுக்குச் சற்று மிகைப்பட்ட பெயரைச் சூட்டுவது வணிகத்தில் வழக்கம்தான். ஆனால், அந்த மிகை பின்னாளில் அந்தப் பொருளுக்கு எதிரான சான்றாக மாறும் என்று அப்போது எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

துப்பாக்கி ஓசை ஒன்றன்று, இரண்டு. குழல்முனையில் வாயு வெடித்துச் சிதறும் முழக்கம் முதலாவது. அதைத்தான் சைலன்சர் தணிக்கிறது. ஒலியைவிட வேகமாகச் செல்லும் குண்டு தன் வழியெல்லாம் காற்றைக் கிழித்து எழுப்பும் சவுக்கடி போன்ற ஓசை இரண்டாவது. காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். பெரிய வேட்டை ரைபிளின் குண்டு 800 மீட்டருக்கு மேல் பாய்கிறது. குழலை விட்டு நீங்கிய குண்டின்மேல் குழல்முனையில் நிற்கும் உருளைக்கு எந்த அதிகாரமும் இல்லை. .22 அளவுள்ள சிறு ரைபிளில், ஒலியின் வேகத்தைத் தாண்டாத தோட்டாவைப் பயன்படுத்தும்போது மட்டும் அந்தப் பெயர் ஏறக்குறைய உண்மையாகிறது.

முதல் தலைமுறை உரிமையாளர்கள் இந்த வேறுபாட்டை விரைவில் உணர்ந்தனர். அஞ்சல்வழியும் கடைகளிலும் சில டாலர்களுக்கு வாங்கக்கூடிய பொருளாக அது இருந்தது. குறிபார்க்கும் கோட்டை உருளை மறைக்காமலிருக்க, துளையை மையத்திலிருந்து விலக்கி வடிவமைத்திருந்தார் மாக்ஸிம். வீட்டின் பின்புறத்தில் அயலாரைத் தொந்தரவு செய்யாமல் குறிபார்த்துச் சுடும் விருப்பமே தம்மைத் தூண்டியது என்பது அவரது விளக்கம். அவருடைய வாடிக்கையாளர்களுள் முன்னாள் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட்டும் ஒருவர். அவரது வின்செஸ்டர் 1894 ரைபிளில் மாக்ஸிம் சைலன்சர் பொருத்தப்பட்டிருந்தது.

எதிர்ப்பும் அதே ஆண்டில் எழுந்தது. மெய்ன் மாநிலம் 1909லேயே ஓசை தணிக்கும் கருவியுடன் கூடிய சுடுகலங்களைத் தடைசெய்தது. காட்டுயிர்க் காப்பாளர்களின் அச்சம் அடிப்படையற்றதன்று. தடைசெய்யப்பட்ட பருவத்தில் வேட்டையாடுபவனைக் காட்டிக்கொடுப்பது அவனுடைய துப்பாக்கி முழக்கம்தான். அது தணிந்தால் காவலர் எதைக் கேட்டு ஓடுவார்? குண்டின் சவுக்கடி ஓசை எஞ்சியிருந்தாலும், அதைக் கொண்டு சுட்டவன் நின்ற இடத்தைக் கண்டறிவது கடினம். பெயர் இந்த அச்சத்தை இன்னும் பெரிதாக்கியது. சற்றே குறைந்த ஓசையை அஞ்சுவோர் சிலர். ஓசையே இல்லாத துப்பாக்கியை அஞ்சாதவர் யார்? மாக்ஸிமின் நிறுவனம் காலப்போக்கில் துப்பாக்கியை விட்டு எஞ்சின்களுக்கும் தொழிற்சாலைகளுக்குமான ஓசைத் தணிப்பான்களின் பக்கம் திரும்பியது.

தீர்மானமான திருப்பம் 1934 ஜூன் 26இல் கையெழுத்தான தேசியச் சுடுகலச் சட்டம். மதுவிலக்குக் காலக் கும்பல்களின் வன்முறை அதன் பின்னணி. இயந்திரத் துப்பாக்கியும் குழல் குறுக்கப்பட்ட துப்பாக்கிகளும் அதன் முதன்மை இலக்கு. முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. எதிர்ப்பினால் அவை நீக்கப்பட்டன. எளிதில் மறைத்துச் செல்லக்கூடிய கைத்துப்பாக்கி வெளியேற, நாடாளுமன்ற விவாதங்களில் மிகச் சிறிதே பேசப்பட்ட சைலன்சர் உள்ளே நிலைத்தது. அதன் கைமாற்றத்திற்கு 200 டாலர் வரி. இன்றைய மதிப்பில் அது 4,000 டாலருக்கும் அதிகம். விலை சில டாலர், வரி இருநூறு என்ற நிலையில் அந்தப் பொருள் பொதுச் சந்தையிலிருந்து ஏறத்தாழ மறைந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் மாக்ஸிமும் மறைந்தார்.

இந்தச் சட்டத்தின் வரையறைப் பகுதி மொழியியல் மாணவர்கள் படிக்க வேண்டியது. ‘சுடுகலம்’ என்ற சொல்லின் பொருளுக்குள் சைலன்சரையும் அது அடக்குகிறது. தானாக எதையும் சுடவியலாத, வெடிமருந்தோ விசையோ இல்லாத ஓர் உலோக உருளை சட்டத்தின் கண்ணில் தனியொரு துப்பாக்கியாயிற்று. அகராதியில் ஒரு சொல்லின் பொருள் வழக்கிலிருந்து பெறப்படுகிறது. சட்டத்தில் பொருள் விதிக்கப்படுகிறது. விதிக்கப்பட்ட பொருள், பதிவு எண், கைரேகை, புகைப்படம், மாதக்கணக்கான காத்திருப்பு என்று உரிமையாளரின் வாழ்க்கைக்குள் இறங்கியது. 1986இல் செய்யப்பட்ட திருத்தம் ஓசையை அடக்குவது, மழுக்குவது, குறைப்பது என்னும் மூன்று வினைகளையும் ஒரே வரையறைக்குள் சேர்த்தது. ஆக, சட்டமே அந்தப் பெயரின் மிகையை ஒருவாறு ஒப்புக்கொண்டது. ஆனால் பெயரை மாற்றவில்லை.

வரித்தொகை விலைவாசியோடு உயரவில்லை. தொண்ணூறு ஆண்டுகள் அதே 200 டாலராகவே நின்றதால் அதன் சுமை படிப்படியாகக் கரைந்தது. 2011இல் பதிவான சைலன்சர்களின் எண்ணிக்கை மூன்று லட்சத்திற்கும் குறைவு. 2021இல் அது 26 லட்சத்தைத் தாண்டியது. இந்தப் புதிய உரிமையாளர்களின் அனுபவங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே தொடங்குகின்றன. நெடுங்காலம் காத்திருந்து பெற்ற கருவியைப் பொருத்தி முதல் தோட்டாவைச் சுட்டதும் ஓர் ஏமாற்றம். திரைப்படம் கற்றுத்தந்த ‘புஸ்’ என்ற ஓசை வரவில்லை. உருளைக்குள் தங்கியிருந்த காற்றிலுள்ள ஆக்சிஜன் வெப்ப வாயுவோடு சேர்ந்து எரிவதால், முதல் வெடி அடுத்தவற்றைக் காட்டிலும் உரத்து ஒலிப்பதும் உண்டு.

பிறகு மற்ற பாடங்கள் வருகின்றன. ரைபிளின் நீளம் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை கூடி, எடை முன்புறம் சாய்கிறது. உதைப்பு குறைகிறது, புழுதி எழுவது குறைகிறது. குண்டு படும் இடம் சற்றே நகர்கிறது. அந்த நகர்வு ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருந்தால் குறிக்கருவியைத் திருத்திக்கொள்ளலாம். இல்லையேல் மரையைத்தான் ஐயுற வேண்டும். தொடர்ந்து சுட்டால் உருளை கையால் தொட முடியாத அளவுக்குச் சூடேறி, அதிலிருந்து எழும் அனல் தொலைநோக்கிக்கு முன் கானல்போல் ஆடுகிறது. தானாகத் தோட்டா நிரப்பிக்கொள்ளும் ரைபிள்களில் திரும்பிவரும் வாயு சுடுபவரின் முகத்தில் அடிக்கிறது. மரையில் பொருத்தியது ஒவ்வொரு அதிர்விலும் நெகிழப் பார்ப்பதால், சில வெடிகளுக்கு ஒருமுறை கையால் சரிபார்க்கும் பழக்கம் தேவைப்படுகிறது. மரை குழலின் மையத்தோடு சிறிது பிசகினாலும் குண்டு உள்தட்டுகளை உரசிக் கருவியையே அழித்துவிடும்.

வரியும் காத்திருப்பும் பொருளின் வடிவத்தையும் மாற்றின. ஒவ்வொன்றுக்கும் தனி வரி, தனிப் பதிவு என்றிருந்ததால் அமெரிக்க உரிமையாளர் பெரிய குண்டுக்கான ஒன்றையே வாங்கி, ஒரே அளவில் மரை வெட்டிய பல ரைபிள்களில் மாற்றி மாற்றிப் பொருத்திவந்தார். அது வாழ்நாள் முழுதும் உழைக்க வேண்டும் என்பதால் டைட்டானியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் வந்தன. நார்வே, ஃபின்லாந்து, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் வேட்டைக்காரர்கள் இதைத் தனி உரிமம் இன்றியே வாங்க முடிகிறது. அங்கே அது தேய்ந்தால் மாற்றிக்கொள்ளும் சாதாரணத் துணைக்கருவி.

பெயரிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. ஜெர்மன் மொழியின் ‘ஷால்டெம்ஃபர்’, சுவீடிய மொழியின் ‘யூட்டெம்பாரெ’ இரண்டும் ஒலியைத் தணிப்பது என்ற பொருளுடையவை. இரண்டும் மகிழுந்தின் புகைக்குழாய்க் கருவிக்கும் அதே பெயர்கள். பிரிட்டனின் வேட்டைக்காரர்கள் ‘மாடரேட்டர்’, அதாவது மட்டுப்படுத்துவது, என்கின்றனர். பிரிட்டிஷ் சட்டம் பெயரையே தவிர்த்து, சுடும்போது எழும் ஓசையையோ ஒளியையோ குறைக்க அமைந்த துணைக்கருவி என்று செயலால் வரையறுக்கிறது. அந்தச் சொற்களை ஏறத்தாழ அப்படியே இந்தியாவின் 1962ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் எடுத்தாண்டு, அத்தகைய கருவியைத் தடைசெய்யப்பட்டவற்றின் வகையில் வைத்தன. செயலால் வரையறுப்பது துல்லியமானது. ஆனால் துல்லியமான வரையறை தாராளமான சட்டத்திற்கு வழிவகுக்கும் என்பதில்லை. பெயர் அச்சத்தை வளர்க்கலாம். அச்சத்தின் முழுக் காரணமும் பெயரன்று.

அமெரிக்க விவாதத்தில் இந்த எச்சரிக்கை தேவைப்படுகிறது. 2015இல் வரியையும் சிறப்புப் பதிவையும் நீக்கக் கோரிய மசோதாவுக்கு அதன் ஆதரவாளர்கள் செவிப் பாதுகாப்பின் பெயரைச் சூட்டினர். பெரிய ரைபிளின் முழக்கம் 160 டெசிபலைத் தாண்டும். செவிக்கு உடனடித் தீங்கு விளையும் எல்லையாகக் கொள்ளப்படுவது 140. கருவி 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கிறது. முப்பது டெசிபல் என்றால் ஒலியாற்றல் ஆயிரத்தில் ஒரு பங்காகிறது. அப்படியும் எஞ்சுவது அந்த எல்லைக்கு அருகிலேயே நிற்கிறது. காதடைப்பானை விட்டுவிடக்கூடாது என்று அனுபவமுள்ளோர் புதியவர்களுக்குச் சொல்வது இதனால்தான். மறுபுறம், 2019 மே 31 அன்று வர்ஜீனியா பீச் நகரில் 12 பேரைக் கொன்றவனின் கைத்துப்பாக்கியில் இந்தக் கருவி இருந்தது. முழக்கம் தணியும்போது, தப்பியோட வேண்டியவர்களுக்கான எச்சரிக்கையும் தணிகிறது என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். சுடுபவரின் செவியா, சுடப்படுவோரின் எச்சரிக்கையா என்ற கேள்விக்கு டெசிபல் கணக்கு மட்டும் விடை தந்துவிடாது. 2025இல் இயற்றப்பட்ட சட்டத்தால் 2026 ஜனவரி 1 முதல் வரி சுழியமாயிற்று. பதிவுக் கட்டாயம் தொடர்கிறது.

இன்று உற்பத்தியாளர்களும் ஆர்வலர்களும் ‘சைலன்சர்’ என்பதைத் தவிர்த்து ‘சப்ரஸர்’ என்கின்றனர். அடக்குவது என்ற அந்தச் சொல் இயற்பியலுக்கு நெருக்கமானது என்பது அவர்கள் கூறும் காரணம். அச்சம் குறைந்த பெயர் அவர்களுடைய அரசியலுக்கும் நெருக்கமானது. கட்டுப்பாட்டை விரும்புவோரோ சட்டத்திலுள்ள பழைய பெயரையே விடாது பற்றுகின்றனர். 1909இல் ஒரு விற்பனையாளருக்குப் பயன்பட்ட மிகை இன்று அவருடைய பொருளை எதிர்ப்போருக்குப் பயன்படுகிறது. எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் ஒரு பக்கம் சேர்ந்தாக வேண்டிய நிலையில், ஆய்வாளருக்கு எஞ்சுவது செயலை விரித்துச் சொல்வது ஒன்றே: இந்தக் கருவி எந்த ஓசையை, எவ்வளவு, யாருடைய காதுக்குக் குறைக்கிறது?