காசு வந்த பிறகு என்ன பேசினார்?

மேடையும் மக்களும் – 23

சரவணை, வேலணை, புங்குடுதீவுப் பக்கம் இரவுத் திருவிழா பார்த்தவர்களுக்கு இந்த வாக்குவாதம் புதிதல்ல. நாதஸ்வரக்காரர் ராக ஆலாபனையை முடித்துச் சினிமாப் பாட்டொன்றை எடுத்ததும் வெளிவீதியில் நிற்கும் இளந்தாரிகள் கைதட்டுவார்கள். தூணோடு சாய்ந்திருக்கும் பெரியவரோ "ஆள் விலைபோயிட்டார்" என்று எழும்பிப் போவார். மேற்கிலே இதே தீர்ப்பை அதிகம் வழங்கியவர்கள் ரொக், பங்க், ஹெவி மெட்டல் ரசிகர்கள். அந்தத் தீர்ப்பு ஒருநாள் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒரு பெண்ணின் தலையிலும் விழுந்தது.

முதலில் இலண்டன். 1977 ஜனவரியில் 'த கிளாஷ்' என்ற பங்க் குழு, சி.பி.எஸ். இசைத்தட்டுக் கொம்பனியுடன் ஒரு இலட்சம் பவுணுக்கு ஒப்பந்தம் செய்தது. முதலாளிகளைத் திட்டிப் பாடியவர்கள் முதலாளியின் காசோலையை வாங்கியதும் பங்க் இசை அன்றே செத்துவிட்டது என்றார், ரசிகர் சஞ்சிகை நடத்திய மார்க் பெரி. ஆனால் ஐந்து வருடங்களின் பின், 1982 இல், அதே குழு அதே கொம்பனியில் வெளியிட்ட 'ஸ்ட்ரெயிட் ரு ஹெல்', வேலையற்றவர்களையும் வந்தேறிகளையும் பற்றிய மிகக் கசப்பான பாட்டு.

அடுத்தது மெற்றாலிக்கா. 1981 இல் லொஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய இந்தக் குழுவின் வேகமும் இரைச்சலும்தான் ரசிகர்களுக்கு உயிர். 1984 இல் மெல்லிய கிற்றார் வாசிப்போடு தொடங்கும் 'ஃபேட் ரு பிளாக்' வந்தபோதே முணுமுணுப்பு எழுந்தது. வீடியோ எடுக்கமாட்டோம் என்றிருந்தவர்கள் 1989 இல் எடுத்தார்கள். 1991 ஓகஸ்டில் கறுப்பு அட்டையோடு வந்த இசைத்தட்டில் பாட்டுகள் சுருங்கின, வேகம் குறைந்தது. அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றது. 1996 இல் தலைமயிரை வெட்டி, கண்ணுக்கு மை பூசிப் படம் பிடித்தபோது பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் உண்மையான முறிவு 2000 இல்தான் வந்தது. இணையத்தில் பாட்டுகளைப் பகிர உதவிய நாப்ஸ்டர் மீது குழு வழக்குப் போட்டது. ட்ரம்ஸ் வாசிப்பவரான லார்ஸ் உல்ரிச், பாட்டுகளைப் பகிர்ந்த மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பெயர்ப் பட்டியலைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். தலைமயிர் வெட்டியதை மன்னித்த ரசிகர்களிலும் பலர் இதை மன்னிக்கவில்லை.

இனி எங்கள் பிள்ளையின் கதை. மாதங்கி அருள்பிரகாசம், மேடைப் பெயர் எம்.ஐ.ஏ., 1975 இல் இலண்டனில் பிறந்து ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்தவர். தந்தை அருளர், ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1986 இல் தாய் கலா பிள்ளைகளோடு அகதியாக இலண்டன் திரும்பினார். மகள் தன் முதல் இசைத்தட்டுக்குத் தந்தையின் பெயரை வைத்தார் (2005), இரண்டாவதுக்குத் தாயின் பெயரை (2007). அமெரிக்க விசாவில் சிக்கல் வந்ததால் 'கலா'வைப் பல நாடுகளில் பதிவுசெய்தார். சென்னையில் உறுமி மேளக்காரரை ஒலிவாங்கியின் முன் நிறுத்தினார். அதிலுள்ள 'பேப்பர் பிளேன்ஸ்', வெளிநாட்டுக்காரரைக் கண்டால் கள்ளனென்று சந்தேகிக்கும் மனதைக் கேலிசெய்கிறது. அதன் அடியில் ஓடுவது கிளாஷின் 'ஸ்ட்ரெயிட் ரு ஹெல்' இசைத்துண்டு. விலைபோனவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழுவின் பாட்டு, கால் நூற்றாண்டு கழித்து ஒரு தமிழ் அகதிப் பெண்ணின் கைக்கு ஆயுதமாயிற்று.

2008 இல் அந்தப் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடம் வரை ஏறியது. 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்தில் ஒலித்தது. ஏ. ஆர். ரஹ்மானோடு செய்த பாட்டு ஒஸ்கார் பரிந்துரை பெற்றது. 2009 பெப்ரவரியில் நிறைமாதக் கர்ப்பிணியாக கிராமி மேடையில் பாடினார். அவரது அப்போதைய காதலர், அன்றைய வோர்னர் மியூசிக் தலைவர் எட்கர் பிரொன்ஃப்மனின் மகன்.

2010 மே மாதம் 'நியூயோர்க் ரைம்ஸ்' வார சஞ்சிகையில் லின் ஹிர்ஷ்பேர்க் எழுதிய நீண்ட கட்டுரை வந்தது. ஒதுக்கப்பட்டவளாக இருக்க விரும்புவதாகச் சொல்லிக்கொண்டே விலையுயர்ந்த ட்ரஃபிள் காளான் மணக்கும் உருளைக்கிழங்குப் பொரியல் தின்றார் என்ற சித்திரமே அதன் குத்து. அதை வாங்கச் சொன்னது கட்டுரையாளர்தான் என்று காட்டும் ஒலிப்பதிவை எம்.ஐ.ஏ. வெளியிட்டார், கட்டுரையாளரின் தொலைபேசி இலக்கத்தையும் ட்விற்றரில் போட்டார். இரண்டாவது செயல் நியாயமென்று சொல்ல முடியாது. பிறகு பத்திரிகையே, வெவ்வேறு இடத்தில் சொன்ன வாசகங்களைச் சேர்த்து எழுதிவிட்டோம் என்று ஆசிரியர் குறிப்புப் போட்டது.

பொரியல் சண்டையில் மூழ்கிய பலர் திகதிகளைப் பார்க்க மறந்தார்கள். வன்னியில் போர் உச்சத்தில் இருந்தது 2009 ஜனவரி முதல் மே வரை. எம்.ஐ.ஏ. சந்தையின் உச்சியில் நின்றதும் அதே மாதங்கள்தான். கொம்பனிக்காரர் எவரும் வாயை மூடு என்று ஆலோசனை சொல்லக்கூடிய அந்த வேளையில், அமெரிக்கத் தொலைக்காட்சியில் இருந்து வன்னி மக்களின் சாவைப் பேசினார். 2012 பெப்ரவரியில் மடோனாவோடு, அமெரிக்க உதைபந்தாட்ட இறுதிப்போட்டியான சுப்பர் போலின் இடைவேளை மேடை ஏறியது விலைபோதலின் சிகரம் என்றார்கள். அங்கே 11 கோடிப் பேர் பார்த்திருக்க நடுவிரலைக் காட்டினார். போட்டியை நடத்தும் உதைபந்தாட்டச் சங்கம் ஒரு கோடியே 66 இலட்சம் டொலர் வரை நட்டஈடு கேட்டது. 2014 இல் சமரசமாக முடிந்தது.

அவர் மீது வேறு குற்றச்சாட்டுகளும் உண்டு. புலிப் படங்களை அலங்காரமாக்கினார், இரு தரப்புக்கும் நடுவே அகப்பட்ட மக்களின் சிக்கலை ஒற்றைக் கோட்டில் வரைந்தார் என்பது ஒன்று. தடுப்பூசிக்கு எதிராகப் பேசியது இன்னொன்று. இவை பாரமான கேள்விகள். ஆனால் சொன்னது சரியா பிழையா என்ற கணக்கில் வருபவை. காசுக்காகச் சொல்லை மாற்றினாரா என்பது தனிக் கணக்கு. 2020 இல் எம்.பி.இ. பதக்கத்தை இளவரசர் வில்லியம் கையால் வாங்கியபோதும் கேள்வி எழுந்தது. அரச பதக்கங்களுக்குத் தையல் வேலை செய்த தன் தாயின் பேரில் ஏற்கிறேன் என்றார். தையல்காரியின் மகள் பதக்கத்தை மறுத்திருந்தால் கைதட்டியிருப்போம். வாங்கியதால் மட்டும் விற்றார் என்று ஆகிவிடாது.

ஒலி மென்மையானதா, மேடை பெரிதானதா, உடை மாறியதா என்று பார்ப்பது ரசிகர் பழக்கம். அவை கலைஞனின் வளர்ச்சியிலும் மாறும், தளர்ச்சியிலும் மாறும். பார்க்கவேண்டியவை இரண்டு: காசு வந்த பிறகு எதைப் பேசாமல் விட்டார், யாருக்கு எதிராகத் திரும்பினார். மெல்லிய கிற்றாரில் மெற்றாலிக்கா விலைபோகவில்லை. தன் ரசிகர்களின் பெயர்களைப் பெட்டியில் அடுக்கியபோதுதான் கேள்விக்குரியதானது. எம்.ஐ.ஏ. விடயத்தில் காசும் பேச்சும் ஒரே வருடத்தில் சேர்ந்து ஏறின. அவரைப் பிடிக்காமல் இருக்க நியாயங்கள் பல உண்டு. விலைபோனார் என்பது அவற்றில் ஒன்றல்ல.

(அடுத்த இதழில்: கித்தாரும் பைலாவும் – இலங்கைத் தமிழ்ப் பொப் பாட்டின் கதை)