பழகும் முறை

எங்கள் கல்லூரியில் கல்வியாண்டு முடியும்போது துறைத் தலைவர்கள் ஒரு படிவத்தை நிரப்பித் தர வேண்டும். பாடம் நடத்தும் திறன், நேரந்தவறாமை, ஆய்வுப் பணி என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். கடைசிக்கு முந்தைய கட்டம் ‘சக பணியாளர்களுடன் பழகும் முறை’. சில ஆண்டுகளுக்கு முன் துறைப் பொறுப்பு என்னிடம் இருந்தபோது, தற்காலிகப் பணியில் இருந்த இளம் விரிவுரையாளர் ஒருவரின் படிவத்தில் அந்தக் கட்டத்துக்குள் இரண்டே சொற்கள் எழுதினேன்: ‘அதிகம் பழகுவதில்லை.’

நான் பொய் எழுதவில்லை. மதிய உணவு நேரத்தில் அவர் எங்களோடு உட்காருவதில்லை. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு நூலகத்தின் பின்பக்க வராந்தாவுக்குப் போய்விடுவார். சேலை எடுக்கப் போனாலும், வளைகாப்புக்குப் போனாலும், கோயில் பயணம் போனாலும் கூட வர மாட்டார். மறு ஆண்டு அவருடைய பணி நீட்டிக்கப்படவில்லை. என் இரண்டு சொற்கள்தாம் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவையும் அந்தக் கோப்பில் இருந்தன.

உடன் வேலை பார்ப்பவர்களோடு பழகுவதை ஒருவருடைய சுபாவம் என்றுதான் நாம் நினைக்கிறோம். கலகலப்பானவர், ஒதுங்கி இருப்பவர், கர்வம் பிடித்தவர் என்று ஆளுக்கொரு பெயர் சூட்டிவிடுகிறோம். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. வேலை செய்யும் பெண்கள் எங்கே, யாரோடு, எந்த நேரத்தில் உட்கார்ந்து பேச முடிந்தது என்பதன் வரலாறு அது. அந்தப் படிவத்தை நிரப்புவதற்கு முன்பே நான் அதைப் படித்திருக்க வேண்டும்.

தமிழ் படித்தவள் என்பதால் முதலில் குறளிடம் போகிறேன். நட்பைப் பற்றி வள்ளுவர் தொடர்ந்து ஐந்து அதிகாரங்கள் வைத்திருக்கிறார். அவற்றை வைத்த இடத்தை நாம் அதிகம் கவனிப்பதில்லை. அவை அறத்துப்பாலில் இல்லை, காமத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில் இருக்கின்றன. அதிலும் படைமாட்சி, படைச்செருக்கு ஆகிய அதிகாரங்களை அடுத்து நட்பு வருகிறது. படை, குடி, அமைச்சு, அரண் என்று அரசனுக்கு வேண்டியவற்றை எண்ணும்போதும் நட்பு அந்த எண்ணிக்கைக்குள் நிற்கிறது. நட்பு என்பது மனத்துக்கு இதமான ஒன்று மட்டும் அல்ல, அது அதிகாரத்தின் உறுப்புகளில் ஒன்று என்பதைத் தமிழ் மரபு வெகு காலம் முன்பே சொல்லிவிட்டது. ஆனால் அந்த நட்பு ஆண்களின் நட்பு.

பெண்களுக்கு இருந்தது ஆயம். சங்க அகப்பாடல்களில் தலைவி தன் ஆயத்தோடு புனலாடுகிறாள், பூக்கொய்கிறாள், தினைப்புனம் காக்கிறாள். பிறகு இற்செறிப்பு வருகிறது. தாய் அவளை வீட்டுக்குள் நிறுத்துகிறாள், ஆயம் வெளியே நின்றுவிடுகிறது. மணமானபின் தோழி உடனிருந்தாலும் அவள் பேசுவதெல்லாம் தலைவனைப் பற்றித்தான். ஒரே வேலையைச் செய்யும் பெண்கள் வேலை நிமித்தமாகக் கூடிப் பேசும் இடம் நம் இலக்கியத்தில் தினைப்புனத்தோடு ஏறக்குறைய முடிந்துபோகிறது.

காலனியக் காலத்தில் அலுவலகங்கள் வந்தபோது அலுவலகத்துக்குப் பிந்தைய நேரமும் சேர்ந்தே வந்தது. மெட்ராஸ் கிளப் 1832இல் ஐரோப்பிய ஆண்களுக்காகத் தொடங்கப்பட்டது. அங்கே இடமில்லாத இந்தியப் பிரமுகர்கள் 1873இல் காஸ்மோபாலிடன் கிளப்பை அமைத்துக்கொண்டார்கள். வழக்கறிஞர்களும் அதிகாரிகளும் மாலையில் சீட்டும் பில்லியர்ட்ஸும் ஆடினார்கள். ஆட்டத்துக்கு நடுவே யாருக்கு எந்தப் பதவி, யார் நம்பத்தக்கவர் என்ற பேச்சும் நடந்தது. வெள்ளையரின் கதவு மூடியிருந்தபோது இந்திய ஆண்களால் தங்களுக்கென்று வேறொரு கதவைத் திறந்துகொள்ள முடிந்தது. அதே காலத்தில் படித்து வேலைக்கு வரத் தொடங்கிய பெண்களுக்கு இரண்டு கதவுகளுமே தங்களுடையவை அல்ல.

அதற்குப் பிறகு வந்த ஆய்வகங்களில் இது இன்னும் நுட்பமாக நடந்தது. 1933இல் கமலா பாகவத் (பின்னாளில் கமலா சோஹோனி) பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர விண்ணப்பித்தார். பெண் என்பதால் சி.வி. ராமன் மறுத்தார். கமலா அங்கேயே சத்தியாகிரகம் இருந்து இடம் பெற்றார். ஆனால் நிபந்தனைகளோடுதான் இடம் கிடைத்தது. முதல் ஓராண்டு அவர் முறையான மாணவராகக் கருதப்பட மாட்டார். அவர் அங்கே இருப்பது ஆண் ஆய்வாளர்களின் கவனத்தைக் கலைக்கக் கூடாது. ஒரு பெண் ஆய்வுக்கூடத்தில் கால் வைக்கும் முன்பே, அவள் உடனிருப்பவர்களோடு பழகாமல் இருப்பது அனுமதிக்கான விலையாக ஆக்கப்பட்டது.

1940இல் அதே கழகத்துக்கு அன்னா மாணி வந்தார். பீருமேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். ராமனின் ஆய்வகத்தில் வைரங்களின் ஒளிர்வை ஆராய்ந்தார். நிறமாலைப் படத் தகடு பதிவாக ஒவ்வொரு முறையும் பதினைந்து, இருபது மணி நேரம் ஆகும். பல இரவுகள் ஆய்வகத்திலேயே கழிந்தன. அங்கே ஆணும் பெண்ணும் பேசிப் பழகுவதை ராமன் விரும்பவில்லை. ஆண்கள் தங்களுக்குள் விவாதித்தார்கள், ஒருவர் கண்டதை இன்னொருவர் சோதித்துப் பார்த்தார்கள். அன்னா மாணியும், அதே ஆய்வகத்தில் இருந்த சுனந்தா பாயும் பெரும்பாலும் தனியாகவே வேலை செய்தார்கள். இங்கே ஆர்வம் வேறுபடவில்லை. எல்லோருக்கும் ஒரே ஆர்வம்தான்: ஒளி. இல்லாமல் போனது, அதைப் பற்றி எதிரெதிரே அமர்ந்து பேசும் மேசை. அன்னா மாணி 1945இல் சமர்ப்பித்த ஆய்வேட்டுக்கு, முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால், முனைவர் பட்டம் தரப்படவில்லை. பிறகு அவர் வானிலைக் கருவிகளின் பக்கம் திரும்பினார். இந்திய வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து 1976இல் ஓய்வு பெற்றார்.

கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் 1930களில் பணியாற்றிய ஜானகி அம்மாளின் கதையில் சாதியும் சேர்ந்துகொள்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய தாவரவியலாளர்; கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து புதுக் கலப்பினம் உருவாக்கியவர்; தீயர் சாதியில் பிறந்தவர்; மணம் செய்துகொள்ளாதவர். அங்கிருந்த ஆண்களோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. 1939இல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குப் போனவர் போர் காரணமாக அங்கேயே தங்கிவிட்டார். 1945இல் சி.டி. டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை வெளியிட்டார். உள்ளூரில் உடன் வேலை செய்தவர்களோடு ஒத்துப்போக முடியாதவர் எனத் தோன்றிய ஒருவர், இன்னொரு நாட்டில் ஒரு சக விஞ்ஞானியோடு சேர்ந்து நூல் எழுதியிருக்கிறார். குறையை அவருடைய சுபாவத்தில் எப்படித் தேடுவது?

விடுதலைக்குப் பிறகு அரசுப் பணியில் நிபந்தனை வேறு வடிவில் வந்தது. 1951ஆம் ஆண்டுத் தொகுதியில் இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்வான அன்னா ராஜத்திடம், பெண்களுக்கு வேறு பணிகள் பொருத்தமாக இருக்கும் என்றே நேர்காணல் குழு சொல்லிப்பார்த்தது. திருமணம் செய்தால் பணி முடிவுக்கு வரும் என்று அவருடைய நியமன ஆணையில் இருந்தது. போராடித்தான் ஓசூரில் உதவி ஆட்சியரானார். வெளியுறவுப் பணியிலும் பெண் அதிகாரி மணம் செய்யும் முன் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும் என்ற விதி இருந்தது. பதவி உயர்வு மறுக்கப்பட்ட சி.பி. முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதியைக் கடுமையாகச் சாடினார். உடன் பணிபுரிந்த ஆண்கள் மனைவி, பிள்ளைகள், வீடு என்று பேசிக்கொண்டிருந்த உலகத்துக்குள் இந்தப் பெண்கள் நுழையவே சட்டம் இடம் தரவில்லை. அதன்பின் அவர்களைப் பார்த்து, ‘யாரோடும் ஒட்ட மாட்டார்கள்’ என்று சொல்வது எளிதாக இருந்தது.

இதுவரை ஆண்களின் இடங்களைப் பற்றிச் சொன்னேன். பெண்கள் மட்டுமே இருக்கும் ஆசிரியர் அறைக்கும் ஒரு வரலாறு உண்டு. சென்னையில் இராணி மேரிக் கல்லூரி 1914இலும் மகளிர் கிறித்தவக் கல்லூரி 1915இலும் தொடங்கின. அவற்றின் முதல் முதல்வர்களான டொரோதி டி லா ஹே, எலினார் மெக்டூகல் இருவருமே மணமாகாதவர்கள். குழந்தைக் கைம்பெண்ணாகி, 1911இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, இளம் கைம்பெண்களைச் சேர்த்துப் படிக்கவைத்து ஆசிரியைகளாக்கினார். மெரினா எதிரில் இருந்த ஐஸ் ஹவுஸ் கட்டடம் அவர்களுக்கு விடுதியானது. நம்முடைய முதல் தலைமுறை ஆசிரியைகளில் பலர் தாலி இல்லாதவர்கள். அவர்கள் கூடிய அறைகளில் கணவன், சீர், சுமங்கலிப் பூஜை எல்லோருக்குமான பேச்சாக இருந்திருக்க முடியாது. இன்று எங்கள் அறையில் அதுதான் நுழைவுச்சீட்டு. மணமாகாதவர், பிள்ளை இல்லாதவர், கணவனைப் பிரிந்தவர் ஒவ்வொரு மதியமும் எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பேச்சை நான் இழிவாகச் சொல்லவில்லை. பல ஆண்டுகள் இழிவாகத்தான் நினைத்தேன். நகைச்சீட்டு, தொடர் நாடகம், மாமியார் கதை ஓடும்போது நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வேன். கடன் எங்கே குறைந்த வட்டிக்குக் கிடைக்கும், எந்த மருத்துவர் பெண்களிடம் மரியாதையாகப் பேசுவார், அடிக்கும் கணவனிடமிருந்து பணத்தை எப்படிக் காப்பது என்பதெல்லாம் அந்தப் பேச்சுக்குள்ளேதான் கைமாறுகிறது என்பது எனக்கு மிகத் தாமதமாகப் புரிந்தது. அலுத்துப்போன நான் இழந்தது கொஞ்சம் அல்ல.

அந்த இளம் விரிவுரையாளரை இரண்டு ஆண்டுகள் கழித்துச் சென்னைப் புத்தகக் காட்சியில் பார்த்தேன். வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. “நல்லா இருக்கீங்களா மேடம்?” என்று அவர்தான் முதலில் வந்தார். தேநீர் வாங்கிக்கொண்டு நின்றோம். அப்போதே கேட்டிருக்க வேண்டியதை அங்கே கேட்டேன்: “ஏம்மா, எங்களோட உக்காந்து சாப்பிடவே மாட்டீங்களே, ஏன்?”

“முதல் வாரம் உக்காந்தேன் மேடம். எல்லார் டப்பாவும் மேசையைச் சுத்தி வந்துச்சு. ஆளுக்கொரு வாய் எடுத்துக்கிட்டீங்க. என் டப்பாவை யாரும் தொடலை. மறுநாளும் அப்படித்தான். அப்புறம் எனக்கு வராந்தாவே நல்லா இருந்துச்சு.” சற்று நேரம் கழித்து, “உங்ககிட்ட கவிதை பத்திப் பேசணும்னு ஆசை. நீங்க எப்பவும் புத்தகத்தை விரிச்சு வச்சிருப்பீங்க” என்றார்.

அவர் தலித் பெண். நான் இடைநிலைச் சாதியில் பிறந்தவள், மணமானவள், நிரந்தரப் பணியில் இருப்பவள். அந்த மேசையில் நான் இருந்தேன். அவருடைய டப்பாவிலிருந்து எடுத்தேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு நினைவில்லை. அவருக்கு நினைவிருக்கிறது.

எங்கள் இருவருக்குமே அந்தப் பேச்சில் ஆர்வம் இல்லை. இருவருமே விலகித்தான் இருந்தோம். என் விலகலைத் தோழிகள், ‘அவங்க கவிஞர், அப்படித்தான் இருப்பாங்க’ என்று செல்லமாக எடுத்துக்கொண்டார்கள். அவருடைய விலகல் குறையாகி, படிவத்தில் ஏறியது. ஏற்றியவள் நான். தனித்திருக்கும் ஆண் மேதை ஆகிறான், தனித்திருக்கும் பெண் கர்வி ஆகிறாள் என்று வகுப்பில் பேசியவள், தனித்திருக்கும் பெண்களுக்குள்ளும் யாருடைய தனிமைக்குச் சலுகை, யாருடையதற்குத் தண்டனை என்று பார்க்கத் தவறினேன்.

1924-25இல் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனிப்பந்தி போட்டது தமிழக அரசியலையே அசைத்தது. அதை ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறோம். எங்கள் மேசையில் யாரும் தனிப்பந்தி போடவில்லை. ஒரு டப்பா சுற்றிவரவில்லை, அவ்வளவுதான். அதனால் எங்களுக்குள் கேள்வி எழவில்லை.

உடன் வேலை செய்பவர்களின் ஆர்வங்கள் நமக்கில்லை என்றால் என்ன செய்வது என்று மாணவிகள் கேட்கிறார்கள். பொய்யாகச் சிரிக்கவோ, பிடிக்காத நாடகத்தைப் பார்க்கவோ வேண்டாம் என்கிறேன். எல்லோரும் நண்பர்களாக வேண்டும் என்பதும் இல்லை. அன்னா மாணிக்கு ஆர்வம் இருந்தது, மேசை இல்லை. நமக்கு மேசை இருக்கிறது; அதில் வேலையைப் பற்றிய பேச்சுதான் இல்லை. ‘இன்னைக்கு வகுப்பு எப்படிப் போச்சு?’ என்ற கேள்விக்குத் தாலி வேண்டாம், நகை வேண்டாம், சாதி வேண்டாம். இப்போது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அதைத்தான் கேட்கிறேன். புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தால், அவருடைய டப்பாவிலிருந்து முதலில் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். இதனால் பெரிய மாற்றம் எதுவும் வந்துவிடவில்லை. வராந்தாவில் சாப்பிட விரும்புபவர் இப்போதும் அங்கேதான் சாப்பிடுகிறார், அது அவர் விருப்பம் என்று விட்டுவிடுகிறோம்.

படிவம் மாறவில்லை. அந்தக் கட்டத்தை எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை. மறுபடியும் ஒருமுறை துறைப் பொறுப்பு என்னிடம் வந்தபோது அந்தக் கட்டத்தில், ‘விடைத்தாள் திருத்தும் பணியில் உதவினார், மாணவிகளுக்கு நேரம் கொடுக்கிறார்’ என்று பார்த்ததை மட்டும் எழுதினேன். நாங்கள் அவரோடு பழகும் முறை எப்படி என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.