மட்டை யார் கையில்? தொடக்க ஆட்டக்காரர்களின் தரவரிசை பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

எங்கள் ஊரில் கூட்டம் முடிந்தபிறகுதான் உண்மையான கூட்டம் தொடங்கும், டீக்கடை பெஞ்சில். சென்ற மாதம் அப்படி உட்கார்ந்திருந்தபோது பேச்சு கிரிக்கெட் பக்கம் திரும்பிவிட்டது. உலகத்திலேயே தலைசிறந்த தொடக்க ஆட்டக்காரர்கள் யார் யார்? மிச்சம் விழுந்த துண்டறிக்கை ஒன்றின் பின்புறத்தில் ஒரு நண்பர் பெயர்களை எழுத ஆரம்பித்தார். ஹாப்ஸ், சட்கிளிஃப், ஹட்டன், கவாஸ்கர், கிரீனிட்ஜ். ஆறாவது பெயரில் சண்டை வந்தது. 'பேரி ரிச்சர்ட்ஸ் இல்லாம ஒரு லிஸ்டா?' என்றார் ஒருவர். 'நாலே நாலு டெஸ்ட் ஆடுனவரை எந்தக் கணக்குல சேர்க்கிறது?' என்றார் எழுதிக்கொண்டிருந்தவர். 'அவரு என்ன பண்ணுவாரு தோழர், அரசியல் வந்து கெடுத்துருச்சு' என்று பதில் வந்தது.

அந்த வாக்கியம் வீடு வந்து சேர்ந்தபிறகும் என்னை விடவில்லை. அரசியல் எப்போது வந்தது? அது வருவதற்கு முன்னால் அங்கே என்ன இருந்ததாம்? மற்றபடி எல்லாவற்றையும் கேள்விக்குட்படுத்தும் நாங்கள், பட்டியல் என்று வந்தவுடன் ஏன் இவ்வளவு சாதுவாகிவிடுகிறோம்? இக்குறிப்புகள் இந்தக் கேள்விகளிலிருந்து பிறந்தவை.

2

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திறமை என்று ஒன்றில்லை, எல்லாம் கட்டமைப்புதான் என்று வாதாட நான் வரவில்லை. தொடக்க ஆட்டம் கடுமையான உழைப்பு. பந்து புதிது, வீசுகிறவன் களைக்காதவன், ஆடுகளம் எப்படி நடந்துகொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. பின்னால் வருகிறவர்களுக்காக அந்த முதல் ஒரு மணி நேரத்தை உடம்பில் வாங்கிக்கொள்கிறவர்தான் ஓப்பனர். ஹாப்ஸ் காலத்தில் மழை பெய்தால் ஆடுகளம் நனையும், அப்படியே காயும், காயும்போது பந்து தாறுமாறாக எழும்பும். 1926இல் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அப்படிப்பட்ட களத்தில்தான் ஹாப்ஸும் சட்கிளிஃபும் முதல் விக்கெட்டுக்கு 172 ஓட்டங்கள் சேர்த்தார்கள். ஹாப்ஸுக்கு அப்போது வயது 43. கவாஸ்கர் 1971இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன முதல் பயணத்திலேயே நான்கு டெஸ்ட்களில் 774 ஓட்டங்கள் எடுத்தார். 1987இல் அகமதாபாத்தில், டெஸ்டில் பத்தாயிரம் ஓட்டங்களைத் தொட்ட முதல் மனிதரானார். 1983இல் சென்னையில், இனி தொடக்க ஆட்டம் வேண்டாமென்று நான்காவதாக இறங்கினார். இறங்கும்போது கணக்கு, இரண்டு விக்கெட்டுக்குப் பூஜ்யம்! ஆட்டமிழக்காமல் 236. இதையெல்லாம் மறுக்க யாரால் முடியும்?

ஆனால் 'எண் பொய் சொல்லாது' என்று நண்பர்கள் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்திக் கேட்கத் தோன்றுகிறது. முதல்தர ஆட்டங்களில் ஹாப்ஸ் அடித்த சதங்கள் எத்தனை? 197 என்கிறது ஒரு கணக்கு, 199 என்கிறது இன்னொன்று. 1930-31இல் விஜயநகரம் மகாராஜகுமார் திரட்டிய அணியோடு அவர் இந்தியாவிலும் இலங்கையிலும் ஆடினார். அந்த ஆட்டங்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில்தான் இந்த இரண்டு சதம் தொங்குகிறது. ஆடியவர் அதே ஹாப்ஸ். காலனி மண்ணில் ஆடியது 'முதல்தரம்' ஆகுமா என்பதை வேறு யாரோ தீர்மானிக்க வேண்டியிருந்தது. எண்ணுக்கு முன்னால் எண்ணுகிறவன் வந்துவிடுகிறான்.

3

இங்கிலாந்தில் 1962 வரை கிரிக்கெட்டுக்கு இரண்டு சாதி. ஆடுவதற்குக் கூலி வாங்காத 'கனவான்கள்' ஒன்று, கூலி வாங்கும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் மற்றொன்று. உடை மாற்றும் அறை வேறு, பல மைதானங்களில் களத்துக்கு இறங்கும் வாசலும் வேறு. அச்சிட்ட ஆட்ட அட்டையில் கனவானுக்கு முதலெழுத்து பெயருக்கு முன்னால் வரும், கூலிக்காரனுக்குப் பின்னால். இந்தப் பிரிவினை மட்டைக்கும் பந்துக்கும் நடுவேயும் ஓடியது. மட்டை பிடிப்பது பெரும்பாலும் கனவானின் அழகு, வெயிலில் ஓடி ஓடிப் பந்து வீசுவது பெரும்பாலும் கூலிக்காரனின் வேலை. கூலி வாங்காத கனவானாகவே அறியப்பட்ட கிரேஸ், தொழில்முறை ஆட்டக்காரர் எவரையும்விட அதிகம் சம்பாதித்தார் என்பது வேறு கதை.

ஹாப்ஸ் கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரியின் மைதானப் பணியாளர் மகன், பன்னிரண்டு பிள்ளைகளில் மூத்தவர். அவர் மட்டையோடு முதலில் இறங்கியதே ஒரு வர்க்க மீறல். அதே 1926இல் ஓல்டு டிராஃபோர்டு டெஸ்டின் நடுவே தலைவர் கார் உடல்நலமின்றிப் போனதால் ஹாப்ஸ் அணியை நடத்தினார். அடுத்த டெஸ்டில் காரை நீக்கினார்கள். தலைமை ஹாப்ஸுக்கு வரவில்லை. இருபத்தைந்து வயது கனவான் சாப்மனுக்குப் போனது. தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் முறைப்படி இங்கிலாந்தின் தலைவராக நியமிக்கப்பட 1952 ஆனது. அவரும் ஓப்பனர்தான்: ஹட்டன்.

இதே தர்க்கம் நம் மண்ணுக்கு வந்தபோது வர்க்கத்தின் இடத்தில் சாதி உட்கார்ந்துகொண்டது. பல்வங்கர் பாலு, சமார் சாதியில் பிறந்தவர், பூனாவில் ஐரோப்பியர்களின் கிளப்பில் வேலைபார்த்தவர். வெள்ளை அதிகாரிகளுக்கு மணிக்கணக்காகப் பயிற்சிப் பந்து வீசினார். அவரை ஒருமுறைகூட மட்டை பிடிக்க விடவில்லை என்று ராமச்சந்திர குஹா எழுதியிருக்கிறார். ஆட்டத்தின்போது இந்துக் கிளப் பாலுவின் பந்தை வாங்கிக்கொண்டது, தேநீரை வெளியே தனிக்குவளையில் தந்தது. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர் அவர். அவரை இந்து அணியின் தலைவராக்கவே இல்லை. தம்பி விட்டல் 1923இல்தான் தலைவரானார். பாலுவிடம் ஒரு தொடக்க ஆட்டக்காரர் இருந்தாரா என்ற கேள்விக்கு எந்த ஆவணத்திலும் பதில் கிடையாது. கேள்வி எழுவதற்கான இடமே அடைக்கப்பட்டிருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு என் பையன் பருவத்துப் பொட்டல்தான் ஞாபகம் வந்தது. மட்டை யாருடையதோ அவன்தான் ஓப்பனர், அவுட் ஆனாலும் 'ட்ரையல் பால்' என்பான். மட்டை எங்கள் தெருவில் இருந்தது. காலனிப் பையன்கள் பந்து வீசினார்கள், கிணற்றில் விழுந்த பந்தை எடுத்தார்கள். அவர்களில் ஒருவன் போடும் பந்து ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு போகும். அவன் முறை வருவதற்குள் இருட்டிவிடும். தினமும் இருட்டியது. 'நம்ம டீம்ல யார்ரா பெஸ்ட் ஓப்பனர்' என்று நாங்கள் சத்தமாகச் சண்டை போட்டதும் உண்மை. அந்தச் சண்டையில் நானும் ஒரு கட்சி.

4

இப்போது பேரி ரிச்சர்ட்ஸுக்கு வரலாம். 1970இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நான்கு டெஸ்ட், 508 ஓட்டங்கள், சராசரி 72.57, இரண்டு சதம். தென்னாப்பிரிக்கா நாலுக்குப் பூஜ்யமென்று வென்றது. அதோடு சரி. இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த நாட்டுக்கு டெஸ்ட் இல்லை. ஆனாலும் பிராட்மன் தேர்ந்தெடுத்ததாக அவர் மறைவுக்குப் பின் 2001இல் வெளியான கனவு அணியில் தொடக்க ஆட்டக்காரர்கள் இருவர்: ஆர்தர் மோரிஸ், பேரி ரிச்சர்ட்ஸ். ஆடாமல் போன டெஸ்ட்களையும் சேர்த்து மதிப்பிடும் சலுகை ரிச்சர்ட்ஸுக்கு உண்டு. அந்தச் சலுகை வேறு யாருக்கெல்லாம் உண்டு?

1889 தொடங்கி 1970 வரை தென்னாப்பிரிக்கா ஆடிய டெஸ்ட்கள் 172. எதிரணிகள் மூன்றே மூன்று: இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. இந்தியா, பாகிஸ்தான், மேற்கிந்தியத் தீவுகளோடு ஒரு டெஸ்ட்கூட இல்லை. கலப்பினத்தைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர் குரோம் ஹென்ட்ரிக்ஸ் 1894 இங்கிலாந்துப் பயணத்திலிருந்து நிறத்துக்காக விலக்கப்பட்டார். கேப் காலனியின் பிரதமராக இருந்த செசில் ரோட்ஸின் கை அதில் உண்டு. 'அரசியல் வந்தது' 1970இல் என்கிறார்கள். அது எழுபத்தாறு வருஷமாக அங்கேயே உட்கார்ந்திருந்தது. 1970இல் நடந்தது அதற்கான எதிர்ப்பு.

கேப் டவுனின் டி'ஒலிவேரா ஓப்பனர் அல்ல. ஆனாலும் அவரைத் தவிர்த்து இந்தக் கதையைச் சொல்ல முடியாது. சொந்த நாட்டில் இடமில்லாததால் 1960இல் இங்கிலாந்துக்குப் போனார். 1968 ஓவல் டெஸ்டில் 158 அடித்தார். அவர் வரும் அணி வேண்டாமென்று பிரதமர் வோர்ஸ்டர் மறுத்ததால் அந்தப் பயணமே ரத்தானது. தடைக்கு வழிவகுத்தது இதுதான். 1971 ஏப்ரலில் நியூலண்ட்ஸில் ஆட்டத்தை நிறுத்தி வெளியேறிய வெள்ளை ஆட்டக்காரர்களில் ரிச்சர்ட்ஸும் ஒருவர் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். திறமைப்படி தேர்வு நடக்கட்டும் என்பது அவர்கள் கோரிக்கை. ஆனால் மைதானமும் பயிற்சியும் பள்ளிக்கூடமும் பிரித்துவைக்கப்பட்ட இடத்தில் 'திறமை' என்ற சொல் எங்கே நின்று பேசும்? இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு இல்லை என்று ஹசன் ஹோவாவும் தோழர்களும் வைத்த முழக்கத்தின் பொருள் இதுதான்.

ரிச்சர்ட்ஸ் பிறந்தது டர்பனில். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட நம்மவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் அதே ஊர். அவர்களும் கிரிக்கெட் ஆடினார்கள், தங்களுக்கென்று ஒதுக்கிய திடல்களில். வெள்ளையர் அல்லாதோரின் ஆட்டங்களில் 1970களுக்குப் பிந்தைய ஒரு பகுதிக்கு நிறவெறி ஒழிந்தபிறகுதான் 'முதல்தர' முத்திரை கிடைத்தது. அதற்கு முந்தைய தலைமுறைகளின் ஓட்டங்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

இன்னொரு காட்சி. பார்படோஸில் பிறந்து, சிறுவயதில் இங்கிலாந்துக்கு வந்த கார்டன் கிரீனிட்ஜ், ஹாம்ப்ஷயர் அணிக்குப் பல ஆண்டுகள் ரிச்சர்ட்ஸோடு தொடக்க ஆட்டம் ஆடினார். 1973இல் அந்த அணி கவுண்டிக் கோப்பையை வென்றது. ஒரே அணியில் சவுத்தாம்ப்டனில் சேர்ந்து இறங்கிய இந்த இருவரும் அதே ஆண்டில் டர்பனின் கிங்ஸ்மீட் மைதானத்தில் அப்படி இறங்கியிருக்க முடியாது. 1984இல் லார்ட்ஸில் 342 என்ற இலக்கைத் துரத்தியபோது கிரீனிட்ஜ் ஆட்டமிழக்காமல் 214 எடுத்தார். பறிபோனதற்காக ரிச்சர்ட்ஸை நினைத்து உருகுகிறோம் என்றால், கிரீனிட்ஜாக வளர்ந்திருக்கக்கூடிய டர்பன் பையன்களை நினைத்து உருகுவது யார்? இழப்புக்கும் நிறம் உண்டு. எது இழப்பு என்று பெயர்பெறுகிறது என்பதில்தான் மேலாண்மை இருக்கிறது.

5

எங்கள் துண்டறிக்கையில் இன்னொரு மௌனமும் இருந்தது. ஒருநாள் ஆட்டத்தில் முதல் இரட்டைச் சதம் யாருடையது? டெண்டுல்கர், 2010, குவாலியர் என்று பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சொன்னோம். தவறு. 1997 டிசம்பரில் மும்பையில் டென்மார்க்குக்கு எதிராக 229 எடுத்தவர் ஆஸ்திரேலியாவின் பெலிண்டா கிளார்க். தொடக்க ஆட்டக்காரர். பன்னிரண்டு ஆண்டுக்கும் மேலான இடைவெளியைக் கண்ணில் படாமல் வைத்திருக்க எந்தத் தணிக்கையும் தேவைப்படவில்லை. நம் பொதுப்புத்தியே போதும்.

பட்டியல் போடுவதை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். விளையாட்டைப் பற்றிச் சண்டை போடுவது மனிதர்க்கு இருக்கும் நல்ல சந்தோஷங்களில் ஒன்று. என்னைக் கேட்டால் ஹாப்ஸும் கவாஸ்கரும்தான் இறங்க வேண்டும். ஒருவர் வர்க்கத்தின் வாசலைத் தள்ளித் திறந்தவர், மற்றவர் காலனியாக இருந்த நாட்டின் தாழ்வுணர்ச்சியை மட்டையால் துடைத்தவர். இதுவும் என் அரசியல்தான், மறைக்கவில்லை.

போன வாரம் அதே பெஞ்சில் இதையெல்லாம் சொன்னேன். 'எல்லாம் சரி தோழர், முடிவாச் சொல்லுங்க, ரிச்சர்ட்ஸ் உண்டா இல்லையா?' என்றார் பட்டியல்காரர். உண்டு என்றேன், ஆனால் அடியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். துண்டறிக்கையை என்னிடம் நீட்டினார். பெயர்களுக்குக் கீழே எழுதினேன்: 'இது மட்டை கிடைத்தவர்களுக்குள் மட்டும் எடுத்த கணக்கு.'