உறைமோர் எங்கிருந்து வந்தது?

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, விளாங்குடியில் என் வீட்டு மாடி அறையில் இருக்கும் கம்ப்யூட்டர் குயில் போலக் கூவ ஆரம்பித்தது. குயில் என்று சொன்னது மரியாதைக்காக. திண்டுக்கல் சாலையில் பின்னால் நகரும் லாரிகள் போடுமே ஒரு சத்தம், அந்த ஜாதிதான். விசிறி சுற்றியது, சின்ன விளக்கு எரிந்தது, திரையில் மட்டும் அமாவாசை. நீளமாக ஒரு கூவல், கொஞ்சம் ஓய்வு, மறுபடியும் நீளமாக ஒரு கூவல்.

என் நாவல்கள் அதற்குள் இல்லை. அவற்றை நான் இன்னும் பேனாவால்தான் எழுதுகிறேன். அவை தொலைந்து போனால் தமிழுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை என்று கருதும் விமர்சகர்களும் உண்டு. அந்தப் பெட்டிக்குள் இருந்தது என் பெரியம்மா.

அவள் கல்யாணமாகி விளாங்குடிக்கு வந்தபோது இது மதுரைக்கு வெளியே ஒரு கிராமம். 2011-ல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. விளாமரங்கள் நிறைய இருந்ததால் இந்தப் பெயர் வந்தது என்பது பெரியம்மாவின் கட்சி. அதற்கு அவளைத் தவிர வேறு சாட்சி என்னிடம் இல்லை. 1959-ல் வைகை அணை திறப்பதற்கு முன்பு ஆற்றில் வெள்ளம் வந்த விதம், 1963-ல் மீனாட்சியம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு குழந்தையுமாக நடந்தே போய் வந்த கதை, யார் யாருக்கு எவ்வளவு நெல் கொடுக்க வேண்டியிருந்தது என்ற கணக்கு எல்லாவற்றையும் மூன்று வருஷங்களாக அவள் சொல்லச் சொல்ல நான் கம்ப்யூட்டரில் அடித்து வைத்தேன். கார்த்திகையில் அவள் போய்விட்டாள். பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நினைப்பதற்கு மின்சாரம் தேவையில்லை அல்லவா?

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் ஒரு கடைக்குப் போனேன். கடையின் பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர் மூடியைக் கழற்றாமலே காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "போர்டு போயிருச்சு சார். புதுசு போடணும். உள்ள இருக்கிறதை எல்லாம் அழிச்சிட்டுத்தான் ஏத்த முடியும். இந்தத் தாளில் ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார். மூன்று வருஷத்துப் பேச்சை அழிக்க ஒரே ஒரு கையெழுத்து! பேனாவை எடுத்தேன், பிறகு ஏனோ அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, பெட்டியோடு ஆட்டோ ஏறிவிட்டேன்.

எங்கள் தெருக் கோடியில் ஒரு பையன் இருக்கிறான். இந்த மாதிரிப் பெட்டிகளைப் பழுது பார்ப்பதே அவன் பிழைப்பு. சாயங்காலம் வந்தான். நான் கூவலைப் பற்றி வர்ணிக்க ஆரம்பித்ததும் கையை உயர்த்தி நிறுத்தினான்.

"ஐயா, உள்ள முக்கியமா ஏதாவது இருக்கா?"

சொன்னேன்.

"அப்ப முதல்ல சரக்கை இறக்கிருவோம். வண்டியை அப்புறம் பாத்துக்கலாம்."

மின்சார வயரைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, தகட்டு வட்டு இருக்கும் சிறு பெட்டியை மட்டும் தனியே எடுத்தான். தன் மடிக் கம்ப்யூட்டரோடு ஒரு வயரால் இணைத்தான். பெரியம்மா என்று பெயரிட்ட உறை மஞ்சளாகத் திரையில் தெரிந்தது. எனக்கு நாற்காலி தேவைப்பட்டது. எழும்ப மாட்டேன் என்கிற பெட்டிக்குள் இருப்பதெல்லாம் செத்துப் போயிற்று என்று எண்ணுவது, பூட்டு திறக்கவில்லை என்றால் வீட்டுக்குள் இருப்பவர்கள் இறந்துவிட்டார்கள் என்று எண்ணுவது போல என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

பிரதி முடிய முக்கால் மணி ஆகும் என்றான். கம்ப்யூட்டர் விழித்தெழுவதில் அப்படி என்ன சிரமம் என்று கேட்டேன். அவன் கொஞ்சம் சொன்னான். மீதியைப் பிறகு நானே தேடிப் படித்தேன்.

தயிருக்கு உறைமோர் வேண்டும். உறைமோர் வேண்டுமானால் நேற்றுத் தயிர் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் தயிர் தீர்ந்துபோனால் பெரியம்மா விளக்கு வைப்பதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்கு என்னைக் கிண்ணத்தோடு ஓட்டுவாள். விளக்கு வைத்த பிறகு யாரும் தரமாட்டார்கள். கம்ப்யூட்டரின் சங்கடமும் இதுதான். அது எந்த வேலை செய்வதற்கும் அதன் நினைவில் உத்தரவுகள் இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தினால் அந்த நினைவு துடைத்த பலகை ஆகிவிடும். மறுநாள் வட்டிலிருந்து உத்தரவுகளைப் படித்துக்கொள் என்று அதற்குச் சொல்ல வேண்டும். ஆனால் அப்படிச் சொல்வதே ஓர் உத்தரவு. முதல் உறைமோருக்கு எங்கே போவது? ஆங்கிலத்தில் இந்த வித்தையை, தன் பூட்ஸ் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வதற்கு ஒப்பிட்டுப் பெயர் வைத்தார்கள். அது தேய்ந்துதான் 'பூட்' ஆயிற்று. செருப்புப் போடாத காலத்திலிருந்தே நமக்குத் தெரிந்த விஷயம் இது.

ஆரம்ப கால யந்திரங்களுக்கு எழுந்திருப்பதே ஒரு கண்டம். அமெரிக்காவில் 1946-ல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக்கில் ஏறத்தாழ 18,000 வால்வுகள். அணைத்து ஏற்றும்போதுதான், சூடு ஏறி இறங்கும் அந்த வேளையில்தான், அவை அதிகமாக உயிரை விட்டன. ஆகவே அதை அணைக்காமலே வைத்திருந்தார்கள். தூங்கினால்தானே எழுப்ப வேண்டும்! கடைசியில் 1955 அக்டோபர் 2-ந் தேதி இரவு நிரந்தரமாக அணைத்தார்கள்.

அதே 1955-ல் நம் தேசத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. கல்கத்தாவில் மகலநோபிஸ் நடத்திய இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு, இங்கிலாந்திலிருந்து ஹெச்.ஈ.சி. 2-எம் என்ற யந்திரம் கப்பலில் வந்தது. அதைப் பூட்டி எழுப்பியவர்கள் மோஹி முகர்ஜி, அமரேஷ் ராய் என்ற இரண்டு எஞ்சினீயர்கள்.

பம்பாயில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் இன்னும் துணிச்சலான காரியம் நடந்தது. யந்திரத்தை வாங்கவில்லை, கட்டினார்கள். குழுவுக்குத் தலைமை வகித்த ஆர். நரசிம்மன் கிண்டி எஞ்சினீயரிங் கல்லூரியில் படித்தவர். 1954-ல் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து சேர்ந்தார். அவருடன் உழைத்தவர்கள் அதற்கு முன் ஒரு கம்ப்யூட்டரைப் பயன்படுத்திப் பழகியவர்கள் அல்லர். முதலில் ஒரு மாதிரி யந்திரம் செய்து பார்த்தார்கள். பிறகு 2,700 வால்வுகள், 1,700 ஜெர்மானியம் டயோடுகள், 12,500 மின்தடைகள் கொண்டு, பதினெட்டு அடி நீளத்துக்கு ஓர் இரும்புச் சட்டத்தில் பெரியதை அமைத்தார்கள். 1960-ல் அது வேலைக்கு வந்தது. 1962-ல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். இத்தனை வைபவத்துக்கும் அதன் நினைவில் இடம் 2,048 சொற்களுக்குத்தான். பெரியம்மா வைகை வெள்ளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதல் படித்துறை முழுகுவதற்குள் 2,048 சொற்கள் தீர்ந்துவிடும். (யந்திரத்துக்குச் 'சொல்' என்றால் வேறு அர்த்தம் என்பது எனக்கும் தெரியும், இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஆசையாயிருக்கிறது.)

அப்புறம் கம்ப்யூட்டர் மேஜைமேல் ஏறும் அளவுக்குச் சிறுத்தது. ஆனாலும் உறைமோர்ப் பிரச்னை தீரவில்லை. 1975-ல் அமெரிக்காவில் ஆல்டேர் என்று ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தது. அதன் முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகள். ஒவ்வொரு தடவை மின்சாரம் கொடுக்கும்போதும், முதல் சில உத்தரவுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளிக் கையாலேயே புகட்ட வேண்டும். ஒரு சுவிட்சு தவறினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அந்த வருஷம் மார்ச் மாதம் பால் ஆலன் என்ற இளைஞர், தாமும் நண்பர் பில் கேட்ஸும் எழுதிய மொழியை அந்தப் பெட்டியில் ஓட்டிக் காட்ட விமானத்தில் போனார். ஆகாயத்தில் இருக்கும்போதுதான் உறைமோரை எடுத்துவர மறந்தது ஞாபகம் வந்தது! விமானம் இறங்குவதற்குள் காகிதத்தில் எழுதி முடித்தார். யந்திரம் இரண்டும் இரண்டும் நான்கு என்று சொல்லிற்று. மைக்ரோசாஃப்ட் என்ற மகா சாம்ராஜ்யம் பிறகு அந்த இருவரால் ஏற்பட்டது. விமானம் சீக்கிரம் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாவலாசிரியன் யோசிப்பதைத் தடுக்க முடியாது.

கடைசியில், மின்சாரம் போனாலும் மறக்காத ஒரு சில்லில் அந்த முதல் உத்தரவுகளை எழுதி உள்ளேயே பதித்துவிட்டார்கள். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். வெளியிட்ட பி.சி.யிலும் அப்படித்தான், அதன் வம்சம்தான் என் மாடி அறைப் பெட்டி. சுவிட்சைப் போட்டதும் மூளை கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சில்லுக்குப் போகும். சில்லு, கையெழுத்து வாங்குவதற்கு முன் நாடி பிடிக்கும் வைத்தியரைப் போல, நினைவகம் இருக்கிறதா, திரை இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா என்று சோதிக்கும். ஏதாவது குறைந்தால் திரையில் எழுதிக் காட்டும். விசைப்பலகை இல்லை, ஆகவே விசையை அழுத்து என்று எழுதிக் காட்டிய யந்திரங்களும் உண்டாம்! ஆனால் நினைவகமே சரியில்லை என்றால் எழுதிக் காட்டவும் வழியில்லை, அதனால் கூவுகிறது. நான் குயில் என்றும், கடைக்காரர் போர்டு போச்சு என்றும் அர்த்தம் செய்துகொண்டது, வாய் பேச முடியாத நோயாளி தன் வியாதியைத் தானே சொன்ன பாஷை.

சோதனை முடிந்தால் சில்லு வட்டின் முதல் கட்டத்தைப் படிக்கும். ஐந்நூற்றுப் பன்னிரண்டே எழுத்து கொள்ளும் கட்டம். அது தன்னைவிடப் பெரிய ஒன்றை அழைக்கும்; அது அதைவிடப் பெரியதை. உறைமோரிலிருந்து உழக்குத் தயிர், உழக்கிலிருந்து ஒரு பானை. புதிய யந்திரங்களில் இந்தப் படிக்கட்டை வேறு மாதிரி கட்டியிருக்கிறார்கள். ஏறுவது என்னவோ ஏறத்தான் வேண்டும்.

படிக்கட்டு இருந்தால் அதில் எண்ணெய் ஊற்றுகிறவனும் வருவான். 1986-ல் லாகூரில் பாசித், அம்ஜத் என்ற இரு சகோதரர்கள் பிளாப்பித் தட்டுகளின் அந்த முதல் கட்டத்தில் குடிபுகும் ஒரு வைரஸ் எழுதினார்கள். அதற்கு 'பிரெய்ன்' என்று பெயர். தங்கள் பெயர், விலாசம், டெலிபோன் நம்பர் எல்லாம் அதிலேயே எழுதி வைத்திருந்தார்கள். திருடப் போன வீட்டில் விஸிட்டிங் கார்டு வைத்துவிட்டு வந்தவர்களை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. எங்கோ கடல் கடந்த தேசங்களிலிருந்து டெலிபோன் வர ஆரம்பித்ததும் அவர்களே திகைத்துப் போனார்களாம். தைவானில் சென் இங்-ஹௌ என்ற மாணவர் எழுதியது அவ்வளவு அப்பாவி அல்ல. 1999 ஏப்ரல் 26-ந் தேதி அது விழித்துக்கொண்டு, வட்டில் இருந்ததை அழித்ததோடு, பல பெட்டிகளில் அந்த முதல் சில்லையே துடைத்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கிண்ணத்தையும் சேர்த்து உடைத்த கதை.

பையன் கேட்டான்: "வீட்ல அழி ரப்பர் இருக்குங்களா?"

நான் வேடிக்கை என்று நினைத்தேன். பேத்தியின் பென்சில் பெட்டியிலிருந்து வெள்ளை ரப்பர் ஒன்றை எடுத்து வந்தேன். அவன் முதலில் பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டான். உடம்பில் சேரும் மின்சாரம் சில்லைச் சுட்டுவிடாமல் இருக்கவாம். எனக்கென்னவோ கோயிலில் நுழையும்போது படியைத் தொட்டுக்கொள்வது போல இருந்தது. விரல் நீள நினைவுப் பலகையைக் கழற்றி, அதன் விளிம்பில் இருக்கும் பொன்னிறப் பற்களை ரப்பரால் மெதுவாகத் தேய்த்தான். ரப்பர் கறுத்தது. திண்டுக்கல் சாலைப் புழுதியும் காற்று ஈரமும் சேர்ந்து பிடித்த அழுக்கு. துகள்களைத் தூரிகையால் தட்டிவிட்டு, 'டக்' என்று சத்தம் வரும்வரை பலகையை அழுத்திப் பொருத்தினான்.

சுவிட்சைப் போட்டான். கூவவில்லை. 'ட்' என்று ஒரே ஒரு சின்னச் சத்தம். எல்லாம் சுகம் என்று அர்த்தமாம்.

ஆனால் திரையில் வந்த தேதி 2009 ஜனவரி 1. உள்ளே காசு போல ஒரு மின்கலம் இருக்கிறது, மூன்று வோல்ட். பெட்டி தூங்கும்போது கடிகாரம் மட்டும் ஓட அதுதான் ஆகாரம். அது தீர்ந்ததால், யந்திரம் தான் பிறந்த வருஷத்துக்கே திரும்பிப் போய்விட்டது. பையன் புதுக் காசு ஒன்றைப் போட்டுவிட்டுத் தேதியைத் திருத்தப் போனான்.

"ஒரு நிமிஷம் இருப்பா" என்றேன்.

2009 ஜனவரி 1 என்றால் கீழே திண்ணையில் பெரியம்மா அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருப்பாள். மாடியில் என்னடா சத்தம் என்று கேட்பாள். பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஸ்க்ரூக்களைப் பொறுக்கினான். அப்புறம் நானே தேதியைச் சரியாக அடித்தேன்.

மின்கலத்துக்கும் கூலிக்குமாக அவன் கேட்டது, கடைக்காரர் புதுப் போர்டுக்குச் சொன்ன தொகையில் இருபதில் ஒரு பங்கு. மேலே கொடுத்ததை வாங்க மறுத்து, மோர் மட்டும் குடித்தான். அந்த வாரமே எல்லாப் பக்கங்களையும் காகிதத்தில் அச்செடுத்து, ஒரு பிரதியைத் தங்கை வீட்டுக்கும் அனுப்பிவிட்டேன். பாட்டியின் கதையைப் படித்தாயா என்று பேத்தியிடம் கேட்டால், என் ரப்பரை ஏன் கறுப்பாக்கினாய் என்று அவள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.