கருவி இல்லாம கடல் தாண்டினவர்

மாவ் பியாய்லுக். இந்தப் பேரைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? நானும் ரொம்ப நாள் கேள்விப்பட்டதில்லைங்க.

மைக்ரோனேசியாவில் சதவால்னு குட்டித் தீவு. ஒரு மைல் நீளம்தான். 1932-ல் அங்கே பிறந்தவர் மாவ். அவரோட பள்ளிக்கூடம் தாத்தாதான். கல்லை வட்டமா அடுக்கி, எந்த நட்சத்திரம் எங்கே உதிக்கும், எங்கே மறையும்னு மனப்பாடம் பண்ணணும். அலை எந்தப் பக்கத்திலிருந்து படகைத் தூக்குதுன்னு உடம்பாலேயே உணரணும். சாயங்காலம் சில பறவைகள் போற திசையில் கரை இருக்கும். இதுதான் பாடம்.

இந்தப் பக்கம் ஹவாய். அங்கே இந்தக் கலை எப்பவோ அறுந்து போச்சு. பாலினேசியர்கள் அவ்வளவு தூரத் தீவுகளுக்குத் திட்டம் போட்டுப் போயிருக்க முடியாது, காத்துல தடம் மாறி ஒதுங்கியிருப்பாங்கன்னு 1950-களில் ஆண்ட்ரூ ஷார்ப் எழுதினார். இல்லைன்னு நிரூபிக்க, மானிடவியலாளர் பென் ஃபின்னியும் நண்பர்களும் பழைய மாதிரியில் ஹோகுலேயா என்ற இரட்டைப் படகைக் கட்டினாங்க. படகு ரெடி, வழி காட்டத்தான் ஹவாயில் ஆள் இல்லை! மாவைக் கூப்பிட்டாங்க.

1976 மே 1-ல் கிளம்பி ஜூன் 4-ல் தாஹித்தியின் பபீதே துறைமுகம். சுமார் 4000 கிலோமீட்டர். திசைகாட்டி இல்லை, வரைபடம் இல்லை. கரையில் 17,000 பேர் கூடிட்டாங்களாம்.

எனக்குப் பெருசாப் படறது அதுக்கப்புறம் நடந்ததுதான். போற வழியில் படகில் நடந்த சண்டையில் வெறுத்துப்போய் மாவ் ஊருக்குத் திரும்பிட்டார். 1978-ல் ஹோகுலேயா கவிழ்ந்து எடி ஐகாவ் கடலோடு போனார். அதுக்கப்புறம் மாவ் மறுபடி வந்து நைனோவா தாம்சனுக்குச் சொல்லிக் கொடுத்தார். நைனோவா ஹொனலுலு கோளரங்கத்தில் உட்கார்ந்து நட்சத்திரம் படிச்சவர். கோளரங்கப் படிப்பும் அலைப் படிப்பும் சேர்ந்துச்சு. 1980-ல் அவரே கருவியில்லாம தாஹித்தி போய் வந்தார்.

குடும்ப ரகசியத்தை வெளியாளுக்குக் கொடுக்கலாமான்னு மாவ் மேல சொந்த ஊர்ப் பக்கமே கோபம். ஆனா அவர் ஊர்ப் பிள்ளைங்க புதுப் படிப்புக்குப் போயிட்டாங்க. பூட்டி வெச்சா தன்னோடயே செத்துடும்னு அவருக்குத் தெரியும். 2007-ல் சதவாலில் ஹவாய்க்காரங்க 5 பேருக்கும் தன் ஆட்களுக்கும் 'புவோ' சடங்கு செஞ்சு மாலுமிப் பட்டம் கொடுத்தார். 2010-ல் காலமானார்.

எங்க பாட்டி வாசல்ல நின்னு வானத்தைப் பார்த்தே ராத்திரி மணி சொல்லும். எப்படின்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பாட்டி போய்ச் சேர்ந்தாச்சு.

உங்க வீட்டில் அப்படி யாராவது இருந்தா, இன்னிக்கே கேட்டு ஒரு பதிவு போட்டுடுங்க மக்களே.