பாவு விரியும் தெரு

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் சாலையில் போனால், நெய்யாற்றின்கரைக்கு முன்னால் வருகிறது பாலராமபுரம். குழுவாக வரும் பயணிகளை இங்கே அழைத்து வருவது என் வேலை. வந்ததுமே, தறியில் உட்காரலாமா என்று கேட்பார்கள். முதலில் தெருவைப் பாருங்கள் என்பேன்.

இந்தத் தெருக்களுக்கு வயது இருநூறுக்கு மேல். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் காலத்தில், அரண்மனைக்குத் துணி நெய்ய வள்ளியூர், நாகர்கோவில் பக்கமிருந்து நெசவுச் சமூகமான சாலியர் குடும்பங்களை வரவழைத்தார்கள். அவர்களைக் குடியமர்த்தியதில் திவான் உம்மிணித் தம்பிக்குப் பெரும் பங்கு உண்டு. ஊர் அரசரின் பெயரைப் பெற்றது. ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத்தெரு என்று நெசவுக்கென்றே தெருக்கள் அமைந்தன.

தெரு நீளமாக இருந்தால்தான் பாவை, அதாவது துணியின் நெடுக்கு நூலை, விரிக்க முடியும். வெயில் ஏறுமுன் நூலை நெடுக இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி ஏற்றி, இழை ஒட்டாமல் பிரஷால் நீவி, தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். வயலும் தோப்பும் துணிக்குள் வருவது இப்படித்தான். கஞ்சி காய்வதற்குள் முடிக்க வேண்டும். அறுந்த இழையை உடனே முடிய வேண்டும். ஒருவரால் ஆகிற காரியமில்லை. அண்டை வீடுகள் கைகொடுத்துத்தான் இந்தத் தொழில் பிழைத்தது.

அதன் பிறகுதான் குழித்தறி. குழிக்குள் கால் மிதியை அழுத்த, நாடா ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பாய்கிறது. வெள்ளைப் பருத்தியில் கசவு எனும் பொன் ஜரிகைக் கரை மெல்ல வளர்கிறது. விசைத்தறித் துணி மலிவாக வந்து குவிந்தபோதும் இந்த முறையை விடாதவர்கள் இருந்தார்கள். 2009இல் பாலராமபுரம் கைத்தறிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கேரள அரசின் பொறுப்புச் சுற்றுலாத் திட்டம் 2008இல் முதலில் தொடங்கிய இடங்களில் பக்கத்துக் கோவளமும் ஒன்று. கிராமத் தொழிலைப் பயணிகள் செய்து பார்ப்பதும், அதன் வருமானம் ஊருக்கே சேர்வதும் அதன் நோக்கம். அந்த நோக்கத்துக்குப் பாவு வேலையைவிடப் பொருத்தமானது எதுவும் எனக்குத் தெரியவில்லை. தறியில் ஒருவர்தான் உட்கார முடியும். பாவில் ஒரு குழுவே நிற்கலாம். தறியில்தான் உட்கார வேண்டுமென்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: நெசவாளருக்கு நெய்த துணிக்குத்தான் கூலி. நாம் தறியில் பழகும் நேரம் அவருக்குக் கூலியில்லாத நேரம். அந்த நேரத்துக்கும் பணம் கொடுத்துவிட்டே கற்றுக்கொள்ளுங்கள்.