கப்பற்காசுத் தொகுப்பு

கப்பல் உருவம் பொறித்த பழங்காசுகளை மட்டும் தேடிச் சேர்க்கும் நாணயத் தொகுப்பு. ஓர் அரச மரபின் காசுகளையெல்லாம் வரிசையாகத் திரட்டுவது சேகரிப்போரின் பழைய வழி. ஒரே உருவத்தைப் பிடித்துக்கொண்டு மரபுகளைக் கடந்து போவது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் செல்வோருக்குச் செங்கல்பட்டு, மாமல்லபுரக் கரையைவிடப் பொருத்தமான களம் தமிழகத்தில் இல்லை. சாதவாகனரின் கப்பற்காசுகளும் பல்லவரின் கப்பற்காசுகளும் கிடைக்கும் சோழமண்டலக் கடற்கரையின் நடுவில் இந்தப் பகுதி இருக்கிறது.

இக்கரைக் காசுகளைப் பற்றிய பழைய அச்சுக் குறிப்புகளில் ஒன்று இழப்பைப் பற்றியது. 1770களில் மாமல்லபுரத்தைப் பார்த்த வில்லியம் சேம்பர்ஸ், 1788இல் வெளியான தம் கட்டுரையில் உள்ளூரில் கேட்ட செய்தியொன்றை எழுதினார். உழவர் ஒருவர் உழும்போது பொன், வெள்ளிக் காசுகள் நிறைந்த பானை ஒன்று அகப்பட்டது. காசிலிருந்த எழுத்தை அங்கே யாராலும் படிக்க முடியவில்லை. காசாக அதற்கு மதிப்பில்லை என்று எண்ணியதால் அவை எப்போதோ உருக்கப்பட்டிருக்கும் என்பதே அவருக்குக் கிடைத்த பதில். பல்லவர் காசா, ரோமக் காசா என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது. இக்கரையின் காசு வரலாறு முழுவதும் இந்தக் குறை தொடர்கிறது. காசுகள் நிறையக் கிடைத்தன. எங்கே, எந்த ஆழத்தில், எவற்றோடு கிடைத்தன என்ற குறிப்பு அரிதாகவே எஞ்சியது.

முறையான சேகரிப்பு அடுத்த நூற்றாண்டில் தொடங்கியது. நில அளவைத் தலைவராக இருந்து 1821இல் மறைந்த காலின் மெக்கன்சி, சுவடிகளோடு காசுகளையும் திரட்டினார். அவருக்குப் பின் வந்தவர்களில் முதன்மையானவர் சென்னை மாகாண அதிகாரி வால்டர் எலியட். கனமழைக்கும் பலத்த காற்றுக்கும் பிறகு கரையோர மணல்மேடுகளில் சிறு ஈயக்காசுகளும் செப்புக்காசுகளும் வெளிப்படுவதை அவர் அறிந்திருந்தார். சென்னைக்கும் கடலூருக்கும் இடைப்பட்ட கரையில் கிடைத்த இரட்டைப் பாய்மரக் காசுகளைக் குறும்பர் அல்லது பல்லவர் காசுகள் என்று வகைப்படுத்தினார். அவருடைய தென்னிந்திய நாணயங்கள் நூல் 1886இல் வெளிவந்தபோது அவர் ஏறத்தாழப் பார்வையிழந்திருந்தார். 1887 மார்ச் 1ஆம் நாள் இறந்தார். அன்று காலையும் திருக்குறள் மொழிபெயர்ப்பைப் பற்றி ஜி.யு. போப்புக்குக் கடிதம் எழுதச் சொல்லிக் கையெழுத்திட்டார்.

எலியட்டின் வகைப்பாடு நிலைக்கவில்லை. 1908இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆந்திர மரபுக் காசுப் பட்டியலைத் தொகுத்த ராப்சன், கப்பலைச் சுற்றியுள்ள பிராமி எழுத்துகளில் சாதவாகன மன்னர் புளுமாவியின் பெயரைக் கண்டார். கப்பல் பொறித்த ஈயக்காசுகள் கி.பி. 2ஆம் நூற்றாண்டுச் சாதவாகனருடையவை என்பது இதனால் துலங்கியது. காசு ஒன்றுதான், எழுத்தைப் படித்ததும் அதன் வயது சில நூற்றாண்டுகள் பின்னோக்கிப் போயிற்று.

இரு வகைகளையும் அருகருகே வைத்தால் வேறுபாடு தெரியும். சாதவாகனக் காசில் இரண்டு பாய்மரங்களும், அவற்றிலிருந்து இறங்கும் கயிறுகளும், திசை திருப்பும் துடுப்பும் கோடுகளாக நிற்கும். பின்பக்கத்தில் சிலுவை வடிவில் இணைந்த நான்கு வட்டங்கள், அதாவது உஜ்ஜயினிக் குறி. பல்லவர் காசு பெரும்பாலும் செம்பு. முன்பக்கத்தில் அம்மரபின் இலச்சினையான காளை. கப்பல் பின்பக்கத்துக்குப் போய்விடுகிறது. ஆனால் இரட்டைப் பாய்மரம் மாறவில்லை. கரையில் நின்று கப்பலைப் பார்த்துப் பழகியவரின் கைத்திறன் இரு காசுகளிலும் தெரிகிறது. கப்பல் இல்லாத பல்லவர் காசுகள் சிலவற்றில் மன்னரின் விருதுப்பெயர்கள் உள்ளன. ஸ்ரீஹரி, ஸ்ரீநிதி என்று படிக்கப்பட்ட இரு காசுகள் மாமல்லபுரத்தில் கிடைத்தவை. இத்துறையில் தமிழர் செய்த பெரும்பணி தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தியுடையது. பெருவழுதி என்ற பெயர் பொறித்த சங்ககாலக் காசை இனங்கண்ட அவர், பல்லவர் காசுகளுக்கும் 2004இல் தனி நூல் எழுதினார்.

தொகுப்பைக் கப்பல் உருவத்தோடு நிறுத்தாமல், கப்பல் கொண்டுவந்த காசுகளையும் சேர்ப்போர் உண்டு. பேரரசர் தியோடோசியஸின் பெயருக்குரிய ரோமச் செப்புக்காசும் சீனக் காசுகளும் மாமல்லபுரத்தில் கிடைத்துள்ளன. அருகிலுள்ள வசவசமுத்திரத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அகழாய்வு, ரோம வகை மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகளை வெளிக்கொணர்ந்தது. இத்தகைய சான்று அருகில் இருந்தால்தான் ஒரு ரோமக் காசு பண்டைய வணிகத்தில் வந்ததா, பிற்காலத்தில் யாரோ கொண்டுவந்து போட்டதா என்று எடைபோட முடியும்.

பிற்காலக் காசுகளைத் தேடுவோருக்கு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடப்பாக்கத்தை அடுத்த ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது. ஆர்க்காட்டு நவாபின் நாணயச்சாலை இயங்கிய இக்கோட்டை 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. இங்கே அடித்தவை ஆலம்பரை வராகன் என்று அறியப்பட்டன. சதுரங்கப்பட்டினத்தின் டச்சுக் கோட்டையை வைத்து, அக்கரையில் கிடைக்கும் டச்சுக் காசுகளும் அங்கேயே அடிக்கப்பட்டவை என்று நினைக்கக் கூடாது. பழவேற்காடு, நாகப்பட்டினம் போன்ற இடங்களில்தான் அவர்கள் காசு அடித்தார்கள்.

பேணுவதில் ஈயக்காசுக்குத் தனிக் கவனம் வேண்டும். தேக்கு, கருவாலி போன்ற மரப்பெட்டிகளிலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தை வெண்பொடியாக்கிவிடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கப்பலும் எழுத்தும் உதிர்ந்துபோகும். அமிலமில்லாத தாள் உறையே பாதுகாப்பானது. செப்புக்காசைப் புளி போட்டுத் தேய்ப்பது அதைவிடக் கொடுமை. களிம்போடு மேல்தோலும் போய், மங்கலாக மிஞ்சியிருந்த எழுத்தும் அழியும். எடை, விட்டம், உலோகம், இரு பக்கங்களின் படம், வாங்கிய இடம், கிடைத்ததாகச் சொல்லப்படும் ஊர் ஆகியவை ஒவ்வோர் உறையிலும் எழுதப்பட வேண்டும். விற்பவர் சொன்ன ஊரை உறுதியான செய்தியாக எழுதாமல், அவர் சொன்னதாகவே எழுதுவது நேர்மை.

சட்டமும் இதில் உண்டு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. புதையலாக அரசிடம் சேர்ந்த காசுகள் பல, 1851இல் தொடங்கிய சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பழைய பட்டியல்களைப் பயன்படுத்துவோர் மாவட்டப் பெயரில் ஏமாறக் கூடாது. இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. பழைய செங்கல்பட்டு மாவட்டமோ காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பகுதிகளையும் உள்ளடக்கிப் பரந்திருந்தது. 1997இல்தான் அது இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஆகவே உறையில் செங்கல்பட்டு என்று மட்டும் இருக்கும் காசு உள்நாட்டு ஊரொன்றிலிருந்தும் வந்திருக்கலாம். ஊர்ப்பெயரும் சேர்ந்திருந்தால் மட்டுமே அதை மாமல்லபுரக் கரைக்காசு என்று பதிய வேண்டும்.